நானூற்றுப் பன்னிரண்டு கல் உப்பு

உலகத்தில் எல்லா ஊரும் மழை வேணும் மழை வேணும் என்று கும்பிட்டுக் கிடக்கும்போது, மழையே இங்கிட்டு வராதே, வந்தாலும் கடலுக்குள்ளே போய்ப் பெய்துகொள் என்று கும்பிடுகிற ஊர் ஒன்று தெற்கே கடலோரமாக இருந்தது. அதற்கு அளத்தங்கரை என்று பேர். கிழக்கே கடல், மேற்கே உடைமரக் காடு, நடுவில் கண் கூசக் கூச உப்புப் பாத்தி, பாத்தி முடிகிற இடத்தில் வானம். அங்கே வெயில்தான் முதலாளி. வெயில் வந்தால் வேலை, வெயில் போனால் பட்டினி.

அந்த ஊரில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி. பன்னிரண்டு வயதில் உப்பு வாருகிற பலகையைப் பிடித்தவள் ஐம்பத்தெட்டிலும் அதைக் கீழே வைக்கவில்லை. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை, தாய் சாகும்போது இவள் இடுப்பில் விட்டுப்போன தம்பி ஒருத்தன்தான் மிச்சம். ஒரு கை உப்பை அள்ளி இத்தனை கிராம் என்று அவள் சொன்னால் தராசும் அதையே சொல்லும். வேறு மாதிரி சொன்னால் தராசைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள். மூட்டை சுமந்து போகிறவனைத் தூரத்தில் பார்த்தே, "எழுவத்தஞ்சு இல்ல அது, எழுவத்தொண்ணு. நாலு கிலோவை எங்கயோ சிந்திட்டு வருதான்" என்பாள். போய்ப் பார்த்தால் வரப்பு நெடுக வெள்ளைக் கோடு கிடக்கும். தராசு பொய் சொன்னாலும் தங்கபுஷ்பம் சொல்ல மாட்டாள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சே உண்டு.

அவள் இடுப்பில் வளர்ந்த அந்தத் தம்பிதான் எம்.பி. கோயில்பிள்ளை. தென்கரை மக்கள் கட்சியிலிருந்து டெல்லிக்குப் போன ஒரே ஆள். ஒத்தை ஆள் கட்சிக்கு அங்கே பேச ரெண்டு நிமிசம் கொடுப்பார்கள். ஒரு நிமிசம் சபாநாயகருக்கு வணக்கம் வைப்பதில் போகும், மறு நிமிசம் கட்சித் தலைவரைப் புகழ்வதில் போகும், அளத்தங்கரை என்று அவன் வாயெடுக்கும்போது மைக் அணைந்துபோகும். நாலு வருசத்தில் நாலு தடவை 'அளத்' வரைக்கும் வந்திருக்கிறான்.

அப்படிப்பட்டவனுக்கும் ஒரு காலம் வந்தது. டெல்லியில் ஆட்சி நடத்தினவர்களுக்கு ஆள் குறைந்துபோனது. ஒரு கூட்டாளி கோபித்துக்கொண்டு போனான், இன்னொருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போனான், போக மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம். அந்த நேரம் பார்த்துத்தான் கடலோர நில மேம்பாட்டு மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் அளத்தங்கரைப் பாத்தி மொத்தமும் துறைமுகக் கம்பெனிக்குப் போகும், பாத்தியில் வேலை பார்க்கிற நானூற்றுப் பன்னிரண்டு பெண்களும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கேயாவது போகவேண்டியதுதான்.

இதை ஊருக்கு எடுத்துச் சொன்னவள் பெல்சியா. இ-சேவை மையம் வைத்திருந்தாள். ஊருக்குச் சாதிச் சான்றிதழும் அவள்தான், செய்தியும் அவள்தான்.

"நம்ம அண்ணாச்சி எதிர்த்து ஓட்டுப் பட்டனை அமுக்கினாருன்னா ரெண்டு பக்கமும் சமம். சமமாப் போச்சுன்னா, உள்ளது உள்ளபடி இருக்கட்டும்னு விட்டுருததுதான் அங்க வழக்கமாம். அதனால நாம எல்லாரும் சேந்து, எதிர்த்து அமுக்குங்க அண்ணாச்சின்னு அவருக்கு இன்டர்நெட்டுல ஒரு மனு போடுதோம்" என்றாள்.

"தம்பி வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. சுவத்துக்கு மேல எட்டிச் சொன்னா கேக்காதா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"எக்கா, சுவத்துக்கு மேல சொன்னா அது குடும்பப் பேச்சு. இன்டர்நெட்டுல சொன்னாத்தான் மக்கள் கோரிக்கை."

சரி என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். வருசக்கணக்காக உப்பில் ஊறின விரல் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும், ரேகை அழிந்திருக்கும். ரேஷன் கடை மிஷின் அவர்களை ஆள் என்றே ஒத்துக்கொள்வதில்லை, இந்தப் போனும் ஒத்துக்கொள்ளவில்லை. அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாலும் அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. முழங்கையால் அமுக்கிப் பார்த்தார்கள், கன்னத்தால் அமுக்கிப் பார்த்தார்கள். பேச்சித்தாய் என்கிற வாய்க்காரி, "தள்ளுங்கட்டி" என்று குனிந்து மூக்கால் ஒரு முட்டு முட்டினாள். டிங் என்று விழுந்தது. அப்புறம் எல்லாருக்கும் மூக்குத்தான். மூணு நாள் ஆனது. மூக்குத்தி போட்டவர்கள் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

பேச்சித்தாய் மூக்கால் முட்டுகிறதைப் பெல்சியா வீடியோ எடுத்துப் போட்டாள், அது பறந்தது. சென்னையில் பார்த்தான், பெங்களூரில் பார்த்தான், துபாயில் பார்த்தான், பனி பெய்கிற கனடாவில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு ஒருத்தன் பார்த்தான். பார்த்தவன் எல்லாம் ஐயோ பாவம் என்று ஒரு அமுக்கு அமுக்கினான். நாலு நாளில் அம்பதாயிரம்.

அஞ்சாம் நாள் ஒரு காதுகுத்து வீட்டில் அட்சதை போடப்போன கோயில்பிள்ளைக்கு வலது கை தூக்க முடியவில்லை.

வலி இல்லை, வீக்கம் இல்லை, விரல் நன்றாக மடங்கியது. கனம், அவ்வளவுதான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கை ரொம்ப ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் தம்பி கையைத் தன் உள்ளங்கையில் வாங்கிக் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு கிலோ" என்றாள். அப்புறம், "இல்ல, ஏறுது. யாரோ ஒவ்வொரு கல் உப்பா எடுத்துப் போடுதாவ. இந்தா ஒண்ணு. இந்தா ஒண்ணு."

பெல்சியா போனைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் ஒரு எண் ஏறும், தங்கபுஷ்பம் 'ஒண்ணு' என்பாள். ஒரு அமுக்குக்கு ஒரு கல் உப்பு. ஊர் அதைக் கேட்டுக்கொண்டு, அப்படியா, அதானே பார்த்தோம் என்று அவரவர் வேலைக்குப் போய்விட்டது. கையெழுத்துக்கு வெயிட்டு இருக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

கை ஏறிக்கொண்டே போனது. ஒரு லட்சத்தில் பத்து கிலோ, ரெண்டு லட்சத்தில் இருபது; மூணு லட்சத்து எழுபதாயிரத்தில் வந்து முப்பத்தேழு கிலோவில் நின்றது. அதற்கென்று ஒரு தள்ளுவண்டி செய்தார்கள், தலையணை போட்டார்கள். தலையணை அமுங்கிப்போக, பஞ்சை எடுத்துவிட்டு மணல் அடைத்தார்கள். முன்னாலே கோயில்பிள்ளை நடப்பான், பக்கத்திலே கை உருண்டு வரும். குழந்தை தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணக் கேட்கிற வழக்கத்தைக் கழுத்துக்குப் பயந்து ஊர் நிறுத்திவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் அவனுக்கு மரியாதை கூடிப்போனது. ஆடி மாசக் காற்றில் பந்தல் பறக்காமல் இருக்க ஒரு மூலைக் கயிற்றை எம்.பி. மணிக்கட்டில் கட்டிவிட்டால் மற்ற மூணு மூலைக்குத்தான் முளை அடிக்க வேண்டும். சப்பரம் இழுக்கிற அன்றைக்குச் சரிவில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். 'டெல்லி தூக்க முடியாத கை' என்று கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

ஒருநாள் கட்சித் தலைவரே வந்தார். வெள்ளை வேட்டி தரையில் படாமல் உட்கார்ந்து, கையை ரெண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், மூச்சு வாங்கினார், சிரித்தார். காப்பி கொண்டுவந்த தங்கபுஷ்பம் கதவுப் பக்கமே நின்றுகொண்டாள்.

"கோயிலு, இது கை இல்லப்பா, நமக்குக் கிடைச்ச கொடை" என்றார் தலைவர். "நீ ஆதரிச்சா ஊர்ல செருப்படி. எதிர்த்தா டெல்லியில கதவடைப்பு. தூக்க முடியாத கைக்கு ரெண்டும் கிடையாது. நீ அமுக்காம இருந்தாலே அவுகளுக்குப் போதும், ஒரு ஓட்டுல கரையேறிருவாக. நமக்கு வாரியத் தலைவர் பதவி ஒண்ணு தருதோம்னு சொல்லியாச்சு."

"மக்கள் கேட்டா?"

"மக்கள் வச்ச பாரந்தான, மக்களைக் கேக்கச் சொல்லு."

தலைவர் கார் தெருமுனை திரும்பினதும் தங்கபுஷ்பம் தம்பி முன்னால் வந்து நின்றாள்.

"ஏல தம்பி, பட்டனை அமுக்கக் கனமான கைதான வசதி? சும்மா வச்சாலே அமுங்கிருமே."

"எக்கா, அங்க ரெண்டு கையும் வேணும். ஒரு கையால ஒரு சுவிச்சைப் பிடிச்சுக்கிட்டே மறு கையால பச்சையோ சிவப்போ அமுக்கணும்."

"வலது கையைச் சிவப்பு மேல வையி, இடதால மத்ததைப் பிடி."

"கையைத் தூக்கி மேசையில வைக்கணும்லா?"

"பக்கத்துல இருக்கவன் ஒரு கை பிடிச்சு ஏத்திவிட மாட்டானா? பாத்தியில நாங்க எத்தனை உப்புப் பெட்டியைத் தலைக்கு ஏத்திவிடுதோம்!"

"அடுத்தவன் ஓட்டுல கை வைக்கக்கூடாதுக்கா."

தங்கபுஷ்பம் தலைவர் குடித்துவிட்டு வைத்ததை எடுக்கக் குனிந்தாள். "அந்தச் சட்டம் உங்க தலைவருக்குக் கிடையாதோ?" என்று கேட்டுவிட்டு, காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

டெல்லிக்கு ரயிலேற்றிவிட ஊரே போனது. கைக்குத் தனி சீட்டு போட்டிருந்தார்கள். அவன் போய்ச் சேர்ந்த மூணாம் நாள் இன்னொரு சங்கதி நடந்தது. சாயங்காலம் டி.வி.யில் வருகிற தொடர் ஒன்றில் நல்ல மருமகளைப் பால்கனியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அந்த மருமகளை உயிரோடு கொண்டுவர வேண்டும் என்று எவளோ ஒரு மனு போட்டாள். சென்னைக்காரன், பெங்களூர்க்காரன், துபாய்க்காரன், கம்பளிக்குள் படுத்திருந்த கனடாக்காரன் எல்லாரும் ஐயோ பாவம் என்று அங்கே போய் அமுக்கினார்கள். அந்த டைரக்டருக்கும் கை கனத்ததோ கால் கனத்ததோ தெரியாது. அடுத்த திங்கட்கிழமை மருமகள் தலையில் கட்டோடு எழுந்து வந்து, அம்மா என்றாள்.

பெல்சியா போனில் மூணு லட்சத்து எழுபதாயிரம் அப்படியேதான் நின்றது. அந்த எண் இறங்காது. ஆனால் ஓட்டெடுப்புக்கு முதல்நாள் மத்தியானம், தங்கபுஷ்பம் பாத்தியில் நிற்கும்போது தம்பி போன் வந்தது.

"எக்கா" என்றான், மெதுவாக. "கை லேசாயிட்டு."

"எவ்வளவு கெடக்கு?"

"ஒரு பிடி உப்பு இருக்கும்."

அவள் குனிந்து அம்பாரத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"நானூத்திப் பன்னெண்டு" என்றாள். "அது நம்ம பிள்ளைக. மூக்கால வச்சதுலா, அது கரையாது. அவசரத்துல விளைஞ்ச உப்பு ஒரு தூத்தலுக்கு நிக்காதுன்னு நான் அப்பமே நெனச்சேன். நல்லதாப் போச்சு தம்பி. கையைத் தூக்கலாம், சிவப்பை அமுக்கலாம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏல, இருக்கியா?"

"தலைவர் கையைத் தூக்கவேகூடாதுன்னுட்டாருக்கா. லேசானது யாருக்கும் தெரியாது. அவருக்கும் எனக்குந்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் தங்கபுஷ்பம். போனை வைத்தபோது அந்த ஒரு பிடி உப்பு வியர்வையில் நனைந்து அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் எல்லாரும் இ-சேவை மையத்து வாசலில் கூடினார்கள். பெல்சியா டி.வி.யை வெளியே தூக்கி வைத்திருந்தாள். டெல்லியில் ஓட்டெடுப்பு மணி அடித்தது, அவைக் கதவுகளைச் சாத்தினார்கள். கேமரா சுற்றிச் சுற்றி வந்து ஒருதடவை கோயில்பிள்ளை மேல் நின்றது. பக்கத்தில் தள்ளுவண்டி, வண்டியில் கை, முகத்தில் தாங்க முடியாத வேதனை. வலது தோளை நன்றாக இறக்கி, வலது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

தங்கபுஷ்பம் உச்சுக் கொட்டவில்லை. நாற்பத்தாறு வருசம் சுமந்தவள் அவள். வலது கையில் பாரம் இருந்தால் உடம்பு இடது பக்கம் சாயும்; சாயாவிட்டால் நிற்கவே முடியாது. பாரம் இருக்கிற பக்கமே சாய்கிறவன் பாரத்தைக் கண்ணால் பார்த்தவன், தூக்கினவன் இல்லை.

"எக்கா, பாவம், என்ன கனம் இருக்கும் இப்பம்?" என்று கேட்டாள் பேச்சித்தாய். எல்லாரும் திரும்பித் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள்.

இடுப்பில் வளர்ந்த பிள்ளை.

"முப்பத்தேழு கிலோ" என்றாள்.

சிவப்பைவிடப் பச்சை ஒன்றே ஒன்று கூடி, மசோதா நிறைவேறியது.

ஊர் அழுதது. அழுத ஊர் யாரையாவது ஏச வேண்டுமே, தன்னையே ஏசிக்கொண்டது. "நாமதான் அள்ளி அள்ளிப் போட்டுட்டோம். நம்ம பாசந்தான் அவரு கையை அமுக்கிட்டு" என்றார்கள். "மூக்கை வச்சுக்கிட்டுச் சும்மா கெடந்திருக்கலாம்" என்று பேச்சித்தாய் தன் மூக்கிலேயே ரெண்டு போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி திரும்பி வருகிற அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவானது.

இதையெல்லாம் கேட்டபடி தங்கபுஷ்பம் மூணு நாள் உப்பு வாரினாள். தான் சொன்ன முப்பத்தேழு கிலோ தன் தலையிலேயே இருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. நாலாம் நாள் தம்பிக்குப் பிடிக்கும் என்று சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். புளி கரைத்தாள், தேங்காய் அரைத்தாள், எல்லாம் போட்டாள், ஒன்றை மட்டும் போடவில்லை.

கோயில்பிள்ளை மாலையோடு வந்தான், கை வண்டியில் வந்தது. முற்றம் கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள், சுவருக்கு மேலேயும் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, எங்களை மன்னிச்சிருங்க. கனம் தெரியாம ஏத்திட்டோம்" என்றாள் பேச்சித்தாய்.

"பரவாயில்லம்மா. மக்கள் பாரத்தைச் சுமக்கத்தான நான் இருக்கேன்" என்றான் அவன். ரெண்டு மூணு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"முதல்ல சாப்பிடட்டும், ரயில்ல வந்த பிள்ளை" என்று தங்கபுஷ்பம் எல்லாருக்கும் முன்னால் முற்றத்திலேயே மணை போட்டு உட்காரவைத்தாள். தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். வண்டியிலிருந்த கையை எடுத்து, அது ரொம்பக் கனமாக இருப்பது மாதிரி அவளும் முக்கி முக்கி, அவன் மடியில் வைத்தாள். இடது கையில் கரண்டி கொடுத்தாள். அவனுக்கு வலது பக்கம், தோள் உயரத்தில், சுவர் மாடத்தில் உப்புப் போட்டு வைக்கிற மரவை இருந்தது.

கோயில்பிள்ளை ஒரு கரண்டி வாயில் வைத்தான். டெல்லியில் பதினஞ்சு நாளாகச் சப்பாத்தி தின்று செத்த நாக்கு, அக்கா குழம்பு என்று ஆசையாக நீண்ட நாக்கு, சப்பென்று திகைத்துப்போனது. உப்பு விளைகிற ஊரில் உப்பில்லாத குழம்பு. அவன் யோசிக்கவில்லை. மடியிலிருந்த வலது கை சட்டென்று எழும்பி, மாடத்தில் நுழைந்து, மூணு விரலால் உப்பை அள்ளியது.

எங்கேயோ ஒரு கோழி மட்டும் கேறியது.

அந்தரத்தில் நின்ற தன் கையைக் கோயில்பிள்ளையே அப்போதுதான் பார்த்தான். அப்புறம் முற்றத்தைப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு முகமும் அந்தக் கையைத்தான் பார்த்தன. யாரும் போனை எடுக்கவில்லை, யாரும் எதையும் அமுக்கவில்லை, சும்மா பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கக் கை இறங்கியது. உப்போடு தட்டில் விழுந்தது, தட்டு நெளிந்தது, சோறு சிதறியது, கை தட்டையும் அமுக்கிக்கொண்டு தரையில் போய் ஒட்டியது.

"எக்கா" என்றான். "கனக்குக்கா."

"ஆத்தாடி!" என்றாள் பேச்சித்தாய். "கனக்காமே!"

"நெசமாவே கனக்கு, தூக்க முடியல. எக்கா, உனக்குத் தெரியும்லா? நீ சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாவ."

அவன் எழுந்து நிற்கப் பார்த்தான், கை எழும்பவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பேச்சித்தாய் திரும்பித் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், எல்லாரும் பார்த்தார்கள்.

"எக்கா, நெசந்தானா?"

தங்கபுஷ்பம் தம்பியை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் ஒருதரம் பார்த்தாள். இந்தத் தடவை அவன் உடம்பு முழுக்க இடது பக்கம் சாய்ந்திருந்தது, பெருவிரல் நிலத்தில் ஊன்றியிருந்தது, சுமக்கிறவர்கள் சாய்கிற மாதிரி, கொஞ்சம்கூடப் பிசகாமல்.

"நடிக்கான்" என்றாள். "வாங்கட்டி, வெயில் போகுது. எடத்தைக் கேட்டு வாரவன் வார வரைக்கும் பாத்தி நம்மது."

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். உப்பு மரவையை மட்டும், அவன் இடது கைக்கு எட்டுகிற மாதிரி, இறக்கி வைத்துவிட்டுத்தான் போனாள்.